மேலகரத்துக்கு வந்த பெர்லின் டாக்டரம்மா

1

சென்ற வாரம் ரேஷன் அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். சண்டை முடிந்து நாலு வருஷமாகியும் லண்டனில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் இன்னும் வரிசைதான். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலை நிமிராமல், "வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"இரண்டு" என்றேன்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்று என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றாள்.

"ஆமாம், ஒன்றுதான்" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெற்ற பிள்ளைக் கணக்கு தெரியாத பெண்பிள்ளையை அவள் இதுவரை கண்டிருக்க மாட்டாள்.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாம் பனியைப் பற்றி எழுது, அரண்மனையைப் பற்றி எழுது என்கிறார்கள். பனி கொஞ்சநேரம் அழகாக இருக்கும், பிறகு சேறாகிவிடும். அரண்மனையை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இந்த முறை அந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். தென்காசியிலும் மேலகரத்திலும் அவளைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். டாக்டரம்மா மகள் ரூத். அந்தக் குடும்பத்தைச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த துரைமார் என்று இன்னமும் சிலர் நினைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவர்கள் ஓடிவந்தது சண்டைக்கு முன்னாலேயே. அவர்களைத் துரத்தியது எதிரி நாடு அல்ல, சொந்த நாட்டுச் சர்க்கார்.

2

கல்யாணமாகி நான் பெர்லினுக்குப் போனது 1931இல். என் கணவர் அங்கே மின்சார இயந்திரங்கள் செய்யும் ஆலையில் என்ஜினீயர். நானோ மேலகரம் தாண்டினால் தென்காசி, தென்காசி தாண்டினால் திருநெல்வேலி என்று வளர்ந்தவள். கடைக்குப் போனால் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன்.

நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டாக்டர் மார்த்தாவின் மருத்துவ அறை இருந்தது. பிரசவம் பார்ப்பதில் அந்தப் பேட்டையில் பேர் வாங்கியவள். அவள் கணவர் எரிக் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ரூத் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

என் ஒரே மகன் நடராஜன் வயிற்றில் இருந்த சமயம் அவளிடம்தான் போவேன். ஒருநாள் "குழந்தை உதைக்கிறது" என்று சொல்வதற்குப் பதிலாக, தெரிந்த ஜெர்மனில் "குழந்தை சமைக்கிறது" என்று சொல்லிவிட்டேன். மார்த்தா சிரிக்கவில்லை. காதை என் வயிற்றின் பக்கம் கொண்டுபோய், "என்ன சமைக்கிறானாம்?" என்று கேட்டாள். நான்தான் சிரித்தேன். அந்த ஊருக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

1933 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கிப் போனபோது மார்த்தாவின் வாசலில் பழுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய பெயர்ப்பலகையின் மேல் சாயத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. ஏதோ தருமக் காரியத்துக்கு வசூல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவன் கையை நீட்டி வழியை மறித்தான். நான் என் வயிற்றைக் காட்டினேன். அவன் அடுத்தவனைப் பார்த்து என்னவோ சொன்னான், அடுத்தவன் சிரித்துக்கொண்டே விலகினான்.

உள்ளே நாற்காலிகளெல்லாம் காலி. மார்த்தா வெள்ளைக் கோட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்றைக்கு வந்தது நீங்கள் ஒருத்திதான். வாசலில் இருந்ததைப் படிக்கவில்லையா?"

"எனக்கு இன்னும் ஜெர்மன் படிக்க வராதே."

"யூத டாக்டரிடம் போகாதே என்று எழுதியிருக்கிறது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் படிப்படியாக வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கிருந்த வேலை போயிற்று. எரிக்குக்குப் பள்ளிக்கூடத்தில் இனி இடமில்லை என்றார்கள். பூங்காவில் எந்தப் பெஞ்சில் உட்காரலாம், எதில் உட்காரக்கூடாது என்று பலகை வைத்தார்கள். மாடியில் இருந்த அம்மாள் கிறிஸ்துமஸுக்கு மார்த்தாவுக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பவள். அவள் படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகத் தொடங்கினாள். தெருவில் நடக்கும் அடாவடியாக இருந்தால் போலீசிடம் போகலாம். இங்கே ஒவ்வொன்றும் ஹிட்லர் சர்க்காரின் உத்தரவாக, முத்திரையும் கையெழுத்துமாக வந்தது. யாரிடம் போய் முறையிடுவது? கடைசியில் 1938இல் யூத டாக்டர்களின் உரிமத்தையே ரத்து செய்தார்கள். எத்தனையோ பிள்ளைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கை, சட்டப்படி இனி ஒரு காய்ச்சல்காரனின் நாடியைப் பிடிக்கக்கூடாது.

3

அந்த வருஷம் நவம்பரில் ஒருநாள் காலையில் தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லாகக் கிடந்தது. யூதர்களின் கடைகளை நொறுக்கியிருந்தார்கள். அவர்களுடைய கோயிலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி பக்கத்து வீடுகளுக்கு நெருப்பு பரவாமல் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. எரிக்கை வீட்டுச் செருப்போடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாரக்கணக்கில் முகாமில் வைத்திருந்துவிட்டு, நாட்டைவிட்டுப் போய்விடுவதாக எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். திரும்பி வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை மொட்டையாக இருந்தது. குளிரில் விரல்கள் கறுத்திருந்தன.

போ என்கிறார்கள், எங்கே போவது? மார்த்தா ஒவ்வொரு தூதரகமாக வரிசையில் நின்றாள். எந்த நாடும் வாசலைத் திறப்பதாக இல்லை. இந்தியாவுக்கு மனுப் போட்டால், அங்கே ஒருவர் இவர்களுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றுவதாகவும், சர்க்காருக்குப் பாரமாக விடமாட்டேன் என்றும் ஜாமீன் நிற்கவேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சொன்னார். எனக்கு ஞாபகம் வந்தது மேலகரத்தில் இருந்த என் அண்ணன் சங்கரபாண்டியன். நெல் விவசாயம், நாலு பேர் மதிக்கும் குடும்பம். ஆனால் கண்ணால் காணாத வெள்ளைக்காரனுக்காக நிலத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போடு என்று எப்படிக் கேட்பது? கேட்டு எழுதினேன்.

அங்கே நடந்ததைப் பல வருஷம் கழித்து மதினி சொல்லித்தான் தெரிந்தது. தாசில்தார் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

"அண்ணாச்சி, இது வெளையாட்டுக் காரியமில்ல. நாளைக்கி அவங்க ஏதாவது வம்பு பண்ணினா சர்க்கார் உங்களத்தான் பிடிக்கும். ஆளையாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களா, வேற என்ன மதம்னாவது தெரியுமா?"

"எந் தங்கச்சி பாஷ தெரியாத ஊர்ல புள்ளத்தாச்சியாக் கெடந்தா. பக்கத்துல இருந்து பேறு பாத்தது அந்தம்மா. இதுக்கு மேல எனக்கு என்ன தெரியணும்? எங்கன கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

அண்ணனிடமிருந்து எனக்கு வந்த தந்தியில், "வரச் சொல்லு" என்று மட்டும்தான் இருந்தது.

4

ஆனால் அனுமதி கைக்கு வருவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. யூதக் குழந்தைகளை மட்டும், தாய் தகப்பன் இல்லாமல், ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரூத்துக்கு அதில் ஓர் இடம் கிடைத்தது. விட்டால் மறுபடி கிடைக்காது. என் கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்து, நாங்கள் அதற்குள் இங்கே வந்துவிட்டிருந்தோம். "உன்னிடம் இருக்கட்டும். நாங்கள் இந்தியா போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறோம்" என்று மார்த்தா எழுதினாள். அவளுடைய அக்கா எல்ஸாதான் குழந்தையை ரயிலேற்றிவிட்டாள். பெற்றவர்கள் பிளாட்பாரத்துக்கு வந்து அழுதால் மற்றப் பிள்ளைகளும் அழும் என்று அதிகாரிகள் அவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். எல்ஸா அங்கே யூத அனாதை விடுதி ஒன்றில் வேலை பார்த்தவள் என்பதால் அவளை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

லண்டன் ஸ்டேஷனில் கழுத்தில் நம்பர் அட்டை தொங்க ரூத் இறங்கினாள். எட்டு வயது. பதிவு செய்த அம்மாள் அவளுடைய செம்பட்டை முடியையும் என் நெற்றிக் குங்குமத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்தக் குழந்தைக்கு என்ன உறவு?" என்றாள்.

"அத்தை" என்றேன். எழுதிக்கொண்டாள்.

மார்த்தாவும் எரிக்கும் இத்தாலியில் கப்பலேறித் தென்காசி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே சண்டை வந்துவிட்டது. ரூத்தை அனுப்பக் கப்பல் இல்லை.

முதலில் நானும் ரூத்தும் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம். குண்டு விழும் நாட்களில் பாதாள ரயில் ஸ்டேஷனில் ஒதுங்கியிருந்தபோது அவள் ஜெர்மனில் தண்ணீர் கேட்டாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி எழுந்து, "இங்கே ஜெர்மன்காரி இருக்கிறாள்!" என்று சத்தம் போட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரூத் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றோடு அவள் வாயில் ஜெர்மன் நின்றுபோயிற்று. நான் பேசினாலும் காதைப் பொத்திக்கொள்வாள்.

என் இங்கிலீஷ் கடைத்தெருவுக்கு மட்டும் போதும். வீட்டில் நான் அடுப்படியில் எனக்கு நானே தமிழில் பேசிக்கொண்டிருப்பேன். அதை அவள் பிடித்துக்கொண்டாள். "அத்தை, செத்த பொறுங்க", "உப்பு பத்தலத்தை" என்று ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் மேலகரத்துப் பெண் மாதிரி பேசினாள். பெற்ற மகனோ நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். பள்ளிக்கூடத்தில் அவன் பெயரை நாட் என்று சுருக்கியிருந்தார்கள். வீட்டிலும் அப்படியே கூப்பிடச் சொன்னான். சாப்பிட உட்கார்ந்தால் நானும் ரூத்தும் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருப்போம். அவன் பத்திரிகையை விரித்துக்கொள்வான்.

தணிக்கைக்குப் பயந்து மார்த்தா தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி எழுதுவாள். ரூத் இங்கிலீஷில் நாலு வரி பதில் போடுவாள். உன் மகளுக்கு உன் பாஷை போய்விட்டது என்று அவளுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

5

சண்டை முடிந்த பிறகும் கப்பலில் இடம் கிடைக்க இரண்டு வருஷமாயிற்று. 1947 சாரல் காலத்தில் ரூத்தைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. கப்பலில் கலகலவென்று இருந்தவள் மதுரை தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தென்காசி ஸ்டேஷனில் தூறிக்கொண்டிருந்தது. அண்ணனும் எரிக்கும் குடையோடு நின்றார்கள். நூல் புடவையில், தலை நரைத்து, மார்த்தா முன்னால் வந்தாள். "ரூத்" என்றாள். பிறகு ஜெர்மனில் என்னென்னவோ மளமளவென்று சொன்னாள். எட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததாக இருக்கும்.

ரூத் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி கையை நீட்டி, "நலமா, அம்மா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். மார்த்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். எரிக் தண்டவாளத்தைப் பார்த்தார்.

அண்ணன் என் காதோரம், "என்னட்டி இது, பெத்த தாயிட்ட கை குடுக்குதா?" என்றார்.

ரூத்துக்கு மூச்சு முட்டியது. அழுகை வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கிற்று. மார்த்தா சட்டென்று அவளைத் தன் மேல் சாய்த்து முதுகைத் தடவினாள். பிரசவ வலியில் தவிக்கிற எத்தனையோ பெண்களுக்குச் சொன்ன சொல் தானாக வாயில் வந்துவிட்டது.

"மூச்ச விடு தாயி. ம்... விடு. பயப்படாத. நான் இங்கனதான இருக்கேன்."

ரூத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா... எனக்கு அந்தப் பாஷ மறந்து போச்சும்மா."

மார்த்தா அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். பிறகு, "போனாப் போகுது. இது இருக்குல்லா" என்றாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும் ஓயாமல் பேசினார்கள். சண்டைக் காலத்துக் கதையெல்லாம் வந்தது. சண்டை தொடங்கிய மாதமே எரிக்கை ஜெர்மன் பிரஜை என்று சொல்லிப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. பாஸ்போர்ட்டில் யூதன் என்பதற்கு ஹிட்லர் சர்க்கார் குத்திய சிவப்பு எழுத்தை அவர் காட்டியும் பயனில்லை. வடக்கே ஒரு முகாமில், ஹிட்லருக்கு ஜே போடுகிற ஜெர்மன் வியாபாரிகளோடு சேர்த்து அடைத்திருந்தார்கள். யார் துரத்தியவன், யார் துரத்தப்பட்டவன் என்று விளங்கிக்கொள்ளச் சர்க்காருக்கு மாசக்கணக்காயிற்று.

மார்த்தாவை மேலகரத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்று வைத்திருந்தார்கள். ஒருநாள் இலத்தூரில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் ஓடிவந்தது. அண்ணன் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காவலுக்கு இருந்த ஏட்டையா குறுக்கே நின்றார்.

"அண்ணாச்சி, எல்ல தாண்டணும்னா திருநெல்வேலியில இருந்து உத்தரவு வரணும்."

"உத்தரவு வார வரைக்கும் புள்ள வயித்துக்குள்ள காத்துக்கிட்டு இருக்குமாவே?"

ஏட்டையா கொஞ்சம் யோசித்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினார். "ஏறுங்கம்மா. காவல்ல உள்ள ஆளப் போலீஸ்காரன் கூட்டிட்டுப் போறதுக்கு ஆரு உத்தரவு வேணும்?"

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதன்பின் எந்த ஊரில் பிரசவம் என்றாலும் ஏட்டையா வண்டியில் முன்னால் உட்கார்ந்திருப்பாராம்.

6

எல்ஸாவைப் பற்றி மார்த்தா கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. சண்டை முடிந்ததும் லண்டனில் காணாமற்போனவர்களைத் தேடித் தரும் அலுவலகத்தில் நான் விசாரித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். ரூத் குளித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பாறையில் உட்கார்ந்திருந்தபோது மார்த்தா, "எல்ஸா?" என்றாள். நாங்கள் இருவரும் எப்போதும் பேசும் ஜெர்மனில் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தச் சேதி அந்தப் பாஷயில வேண்டாம் கோமதி. இங்கத்தப் பாஷயில சொல்லு."

"எல்ஸா இல்ல, மார்த்தா. விடுதியில இருந்த பிள்ளைங்களோட சேத்து ரயில்ல ஏத்திக் கிழக்கே கொண்டு போயிட்டாங்க. அந்த ரயில்ல போனவங்க ஒருத்தரும் திரும்பல. அவள மட்டும் விட்டுருதோம்னு மொதல்ல சொல்லியிருக்காங்க. பிள்ளைங்கள விட்டுட்டு வர மாட்டேன்னுட்டாளாம்."

மார்த்தா அருவியில் நின்ற ரூத்தைப் பார்த்தாள். பிறகு, "பிள்ளைகளோடயா போனா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப அதுங்க தனியாப் போகல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சேதி கேட்டு அண்ணன் வந்தார். எங்கள் வீட்டுச் சாவு மாதிரி, தலை முழுகிவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றார். "உங்க வழக்கத்துல என்ன செய்யணும்?" என்று எரிக்கிடம் கேட்டார்.

எரிக் சாமி பூதம் என்று அலைகிற ஆள் இல்லை. ஆனாலும் இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு, அதைச் சொல்ல ஆசைப்படுகிறேன், அதற்குப் பத்து ஆண்கள் கூடி நிற்கவேண்டும் என்றார்.

"பத்துப் பேருதானா?"

"யூதரா இருக்கணும் அண்ணாச்சி."

"கொச்சியில உங்க ஆளுக இருக்காவளாம். பொறவு ஒரு நாள் போயி மொறைப்படி செய்யுங்க. ஆனா துக்கம் இன்னைக்கில்லா? நிக்கதுக்கு நான் ஆளு கூட்டியாரேன். மிச்சம் உங்க சாமிபாடு."

மறுநாள் காலையில் மார்த்தா வீட்டு முன்கூடம் நிறைந்துவிட்டது. அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஏட்டையா, மார்த்தா கையில் பிறந்த பிள்ளைகளின் தகப்பன்மார்கள். வந்ததும் வழக்கப்படி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். எரிக் கூச்சத்தோடு, "எங்க ஜெபத்துக்குத் தல மூடியிருக்கணும்" என்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்கள்.

"நான் நிறுத்துத எடத்துல நீங்க ஆமேன்னு சொல்லணும்."

"அது வேதக்காரவுக சொல்லுததுல்லா?" என்றார் ஏட்டையா.

"எங்ககிட்ட இருந்துதான் அவுகளுக்குப் போச்சு" என்றார் எரிக். அன்றைக்கு அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

எரிக் சொல்லத் தொடங்கினார். பாதி மறந்திருந்தது. நிறுத்தி, யோசித்து, மறுபடி தொடர்ந்தார். அவர் யோசிக்க நிறுத்திய இடத்திலும் இவர்கள் உரத்த குரலில் ஆமேன் என்றார்கள். அவர் திருத்தவில்லை. மார்த்தாவும் ரூத்தும் சுவரோரம் கை கோத்து நின்றார்கள். எனக்குப் பொருள் தெரியாது. பெர்லினில் அந்தப் பெண்ணை அவளுடைய சொந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க ரயிலேற்றியிருக்கிறார்கள். அவளைக் கண்ணால் கண்டிராத மேலகரத்து விவசாயிகள் அவளுக்காக வயல் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். இதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் எல்லாரும் போகலாமா நிற்கலாமா என்று தயங்கினார்கள். ஏட்டையாதான் மார்த்தாவிடம் வந்து, "அக்கா பேரு என்னன்னு சொன்னீங்கம்மா?" என்று கேட்டார்.

"எல்ஸா."

"எல்ஸா" என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

நான் லண்டனுக்குக் கிளம்பும் நாள் நெருங்கியது. ரூத்துக்கும் சேர்த்துத்தான் திரும்பும் சீட்டு எடுத்திருந்தோம். அங்கே அவளுக்குப் படிப்பு பாக்கியிருந்தது. மார்த்தா அவளைத் தடுக்கவில்லை. "படிப்பு முக்கியம், போயிட்டு வா" என்று பெட்டியில் துணிகூட மடித்து வைத்தாள். ரூத் அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"அத்தை, கோவிச்சுக்கிடாதீங்க. படிப்ப இங்கன இருந்தும் படிக்கலாம்லா?"

"நான் எதுக்குட்டி கோவிக்கப் போறேன்?" என்றேன். சொன்ன மாதிரி மனசு கேட்கவில்லை. எட்டு வருஷம் தலை வாரிவிட்ட கை. ஸ்டேஷனில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது மார்த்தா தள்ளி நின்றுகொண்டாள்.

லண்டனில் துறைமுகத்துக்கு நடராஜன் வந்திருந்தான். எனக்குப் பின்னால் இறங்குகிறவர்களை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ரூத் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

"வீட்டுல இருக்கா" என்றேன்.